மெதுவாக வாருங்கள்: போர்ச்சுகலுக்கு பைக் ஓட்ட வரும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டன், பாரிஸ், சூரிச், பிராங்க்பர்ட் என ஐரோப்பிய நகரங்களில் வாழ்ந்துகொண்டு, நீண்ட வார இறுதி கிடைத்தால் போர்ச்சுகலுக்கு வந்து பைக் ஓட்டும் தமிழ் நண்பர்களே,

லிஸ்பனில் குடியிருக்கிறேன். இந்த நாட்டின் சாலைகளை நேசித்து ஓட்டுகிறவன் என்பதைத் தவிர இந்த மடலை எழுத எனக்கு வேறு தகுதி இல்லை. உங்களில் பலர் புறப்படுமுன் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறீர்கள். ஊரும் ஆளும் மாறினாலும் திட்டம் அநேகமாக ஒன்றுதான்: சனிக்கிழமை காலை லிஸ்பனில் வாடகை பைக், ஏ-2 விரைவுச்சாலையில் ஒரே மூச்சாகத் தெற்கே அல்கார்வ், கடற்கரையில் நான்கு படங்கள், ஞாயிற்றுக்கிழமை அதே சாலையில் திரும்பி, நேரமிருந்தால் சின்ட்ரா, ரோகா முனை. தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. இரண்டு நாளுக்கு 450 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடாதீர்கள். விரைவுச்சாலையை விட்டுவிட்டுப் பழைய தேசியச் சாலைகளைப் பிடியுங்கள். அவை ஊருக்கு நடுவே போகும் சாலைகள். தேவாலயத்தையும் சந்தையையும் காப்பிக் கடையையும் தொட்டுக்கொண்டு போவதற்காகவே போடப்பட்டவை. ஏ-2வோ இரு பக்கமும் வேலி கட்டி, குன்றை வெட்டி, பள்ளத்தாக்கைப் பாலத்தால் தாண்டி, உங்களை இரண்டரை மணி நேரத்தில் தெற்கே இறக்கிவிடும். இடையில் அலென்டேஜு என்று ஒரு நிலம் இருந்தது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். நாட்டின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது.

எந்த வழியாகப் போகலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். லிஸ்பனிலிருந்து புறப்பட்டு, முதல் நாள் உள்நாட்டு வயல்வெளி, இரவு அல்காசர் டு சால், மறுநாள் கடற்கரை, மாலையில் அர்ராபிதா மலை வழியாகத் திரும்புவது. எவரா நகரத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ரோமானியக் கோயிலும், எலும்புகளால் கட்டிய சிற்றாலயமும், 1986-லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பழைய நகரமும் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடிக்கும் விஷயங்கள் அல்ல. அதற்கென்று இன்னொரு வார இறுதியை ஒதுக்குங்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்புங்கள். தேஜு ஆற்றைக் கடக்க ஏப்ரல் 25 பாலம். 1966-ல் சர்வாதிகாரி சலசாரின் பெயரில் திறக்கப்பட்டு, 1974 புரட்சிக்குப் பிறகு புரட்சி நாளின் பெயரைப் பெற்றது. தண்ணீருக்கு ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்தில் போகிறீர்கள். தெற்கே போகும்போது சுங்கம் கிடையாது. லிஸ்பனுக்குள் நுழையும்போதுதான் வாங்குவார்கள். நடுவில் உள்ள தடங்கள் இரும்புக் கிராதியால் ஆனவை. அதில் ஏறினால் டயர் இப்படியும் அப்படியும் நெளியும். பயந்து ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள்; முடிந்தவரை ஓரத் தார்த் தடத்திலேயே போய்விடுங்கள். அக்கரையில் இருக்கும் அல்மாடா, மோட்டோஜிபியில் ஓட்டிய மிகேல் ஒலிவெய்ராவின் ஊர். 2020-ல் போர்ச்சுகல் பந்தயம் போர்ட்டிமாவில் நடந்தபோது சொந்த மண்ணில் வென்றவர் அவர்.

அல்மாடாவிலிருந்து செதூபல் வரை என்-10 சாலை, வீடுகளும் கடைகளும் நெருங்கியது. அதைப் பொறுமையாகக் கடந்துவிட்டால் ஆகுவாஷ் டி மோரா என்ற சிற்றூர் வரும். அங்கே முதல் முறையாக இன்ஜினை அணையுங்கள். 1783-ல் நட்ட கார்க் மரம் ஒன்று அங்கே நிற்கிறது. உலகிலேயே பெரிய கார்க் மரம் என்று கொண்டாடப்படுவது. 2018-ல் ஐரோப்பாவின் சிறந்த மரமாகத் தேர்வானது. கிளைகளில் கூடும் பறவைகளின் சத்தத்தால் அதற்கு விசிலடிக்கும் மரம் என்று பெயர். 1991-ல் ஒரே உரிப்பில் 1,200 கிலோ பட்டை தந்திருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாட்டில் மூடிகளுக்கு அது போதும்.

இந்த மரத்தைப் புரிந்துகொண்டால் அன்றைய நாள் முழுவதும் கண்ணில் படும் நிலம் புரிந்துவிடும். உலகின் கார்க் விளைச்சலில் சுமார் பாதி போர்ச்சுகலுடையது. மரம் நட்டு 25 ஆண்டு காத்திருந்தால்தான் முதல் பட்டை. பிறகு சட்டப்படி 9 ஆண்டு இடைவெளி. முதல் இரண்டு உரிப்புகளில் வரும் பட்டை கரடுமுரடாக இருக்கும். தளக்கல், காப்புப் பலகை என்று போய்விடும். நல்ல பாட்டில் மூடிக்கு ஏற்ற பட்டை மூன்றாம் உரிப்பில்தான். அதாவது, நட்டவர் 43 ஆண்டு காத்திருக்க வேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரை, கோடரியால், கையால்தான் உரிக்கிறார்கள். உள்மரத்தில் கோடரி பட்டுவிட்டால் மரத்துக்குக் காயம்; அதனால் நாட்டின் வேளாண் கூலிகளில் நல்ல கூலி வாங்கும் வேலை இது. உரித்த மரத்தின் தண்டில் வெள்ளைச் சாயத்தால் ஓர் எண் எழுதியிருப்பார்கள். 4 என்றிருந்தால் 2024-ல் உரித்தது. இனி 2033 வரை யாரும் தொடக்கூடாது. 120 வேகத்தில் போகிறவர் கண்ணில் அந்த எண் படாது. 60-ல் போனால் ஒவ்வொரு மரமும் தன் கணக்கைச் சொல்லும். புதிதாக உரித்த மரம் செங்காவி நிறத்தில் இருக்கும். ஆண்டு போகப் போக கறுத்துச் சாம்பலாகும். எண்ணைப் பார்க்காமலே வயதைச் சொல்ல ஒரு மணி நேரத்தில் பழகிவிடுவீர்கள்.

பெகோஎஷ் தாண்டி என்-4 பிடித்தால் வெந்தாஷ் நோவாஷ். பன்றி இறைச்சித் துண்டைப் பூண்டுச் சாற்றில் வேகவைத்து ரொட்டிக்குள் வைத்துத் தரும் பிஃபானாவுக்கு நாடெங்கும் பேர்போன ஊர். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் காய்கறி சூப், ஆட்டுப்பால் சீஸ், ரொட்டி, ஆலிவ் கேளுங்கள்; எந்தக் கடையிலும் முகம் சுளிக்க மாட்டார்கள். அலென்டேஜு சமையலில் கொத்தமல்லி தாராளம். பழைய ரொட்டியில் பூண்டும் கொத்தமல்லியும் இடித்துப் போட்டு, ஆலிவ் எண்ணெயும் கொதிநீரும் ஊற்றி, மேலே முட்டை வைத்துத் தரும் அசோர்டா, நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். ஏழைக் கூலிகள் மிஞ்சிய ரொட்டியை வீணாக்காமல் உண்டாக்கிய உணவு அது. இன்று ஊரின் பெருமை.

மொன்டமோர் ஊரில் என்-2 சாலையைச் சந்திக்கிறீர்கள். வடக்கே ஷாவெஷ் நகரில் தொடங்கி தெற்கே ஃபாரோவில் முடியும் 739 கிலோமீட்டர் சாலை. 1945-ஆம் ஆண்டின் சாலைத் திட்டத்தில் பிறந்தது. நாட்டை மேலிருந்து கீழாக நடுவே பிளந்துகொண்டு போகிறது. இப்போது இதற்குப் பாஸ்போர்ட் ஒன்று விற்கிறார்கள். ஊர் ஊராக முத்திரை குத்திக்கொள்ளலாம். ஆசையிருந்தால் வாங்குங்கள். ஆனால் முத்திரைக்காக ஓடாதீர்கள். மொன்டமோரிலிருந்து டொர்ராவ் வரையுள்ள துண்டு மட்டும் போதும். அறுபது எழுபது கிலோமீட்டருக்குள் இந்தச் சாலையின் குணம் முழுதும் இருக்கிறது: வெள்ளைக் கிலோமீட்டர் கற்கள், தண்டில் சுண்ணாம்புப் பட்டை அடித்த ஓர மரங்கள், அந்தக் காலத்தில் சாலையைப் பராமரித்த தொழிலாளர்கள் குடியிருந்து இப்போது ஆளில்லாமல் நிற்கும் வெள்ளை வீடுகள். அவற்றின் சுவரில் அடுத்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நீல ஓடுகளில் எழுதியிருக்கும். நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு சில கிலோமீட்டருக்கும் ஒரு குடும்பத்தை வைத்துச் சாலையைக் காத்த நாடு இது.

வழியில் எஸ்கோரால் ஊருக்கருகே, 1963-ல் கல் உடைக்கும்போது வெளிப்பட்ட குகை ஒன்றில் பழைய கற்கால ஓவியங்கள் உண்டு. முன்பதிவு செய்தால்தான் உள்ளே விடுவார்கள். அடுத்தது அல்காசொவாஷ். 1479-ல் போர்ச்சுகலும் காஸ்டிலும் அட்லாண்டிக் கடலில் யாருக்கு எது என்று உடன்படிக்கை செய்த ஊர். எனக்கு அந்த உடன்படிக்கையைவிட ஊரின் மணித் தொழில் முக்கியம். ஆடு மாடுகளின் கழுத்தில் கட்டும் மணியை இங்கே இன்னும் கையால் செய்கிறார்கள். இரும்புத் தகட்டை மடக்கி, பித்தளைத் துண்டுகளை வைத்து, களிமண்ணும் வைக்கோலும் கலந்த சேற்றால் மூடி உலையில் வைப்பார்கள். உள்ளே பித்தளை உருகி இரும்பின்மேல் பூசிக்கொள்ளும். எடுத்து நீரில் ஆற்றி, மண்ணை உடைத்து, தட்டித் தட்டிச் சுதி சேர்ப்பார்கள். மேய்ப்பர்கள் குறைந்துவிட்டதால் தொழிலும் தேய்ந்தது. 2015-ல் யுனெஸ்கோ இதை உடனடியாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் மட்டும் தொழிலைக் காப்பாற்றாது. ஒரு மணி வாங்குங்கள். பைக் பையில் இடம் இருக்கும்.

மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை ஓட்டாதீர்கள். கோடையில் இந்தச் சமவெளியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 2003-ல் நாட்டின் உச்ச வெப்பம் பதிவானதும் அலென்டேஜுவில்தான், 47 டிகிரிக்கு மேல். வெப்பத்தில் ஜாக்கெட்டைக் கழற்றிப் பின்னால் கட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். காற்றோட்டமுள்ள ஜாக்கெட் அணிந்து, சட்டையை நனைத்துக்கொண்டு, நிழலில் உட்காருங்கள். ஊர்ச் சதுக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் உங்கள் பைக்கைப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பார்கள். அவர்களில் பலர் அந்தக் காலத்துக் கசால் அல்லது ஃபமேல் மொபெட்டில் வயலுக்குப் போனவர்கள். சிலர் இன்றும் போகிறார்கள். கசால் அவெய்ரு நகரத்திலும் ஃபமேல் ஆகெதாவிலும் உருவானவை. நம் ஊரில் டிவிஎஸ் 50 செய்த வேலையை இங்கே அவை செய்தன: பின்னால் பெட்டி, முன்னால் மூட்டை, நடுவில் ஒரு குடும்பத்தின் வாழ்வு. அந்த வண்டியைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். பாதி மொழி தெரியாவிட்டாலும் அரை மணி நேரம் போவது தெரியாது.

வெயில் தணிந்ததும் டொர்ராவிலிருந்து அல்காசர் டு சாலுக்கு. சாடு ஆற்றங்கரையில் வெள்ளை வீடுகள் மேலேறி கோட்டையில் முடியும் ஊர். கோபுரங்களிலும் மின்கம்பங்களிலும் செங்கால் நாரைகள் கூடு கட்டியிருக்கும். 1502-ல் இங்கே பிறந்தவர் பெத்ரோ நூனெஷ் என்ற கணித அறிஞர். கோணங்களை நுட்பமாக அளக்க அவர் கண்ட முறைதான், பிற்காலத்தில் நம் மெக்கானிக் மேசையில் கிடக்கும் வெர்னியர் அளவுகோலுக்கு வழி திறந்தது. வண்டி ஓட்டுகிற நாம் நன்றி சொல்ல வேண்டிய ஊர்.

இரவு இங்கே தங்குங்கள். சோறு கேளுங்கள். தயங்க வேண்டாம். ஐரோப்பாவில் ஆளுக்கு அதிக அரிசி உண்ணும் நாடு போர்ச்சுகல். அந்த அரிசியில் ஒரு பங்கு இந்தச் சாடு ஆற்று வயல்களில் விளைவது. தக்காளிச் சோறு, மட்டிச் சோறு, கொத்தமல்லி தூவிய மீன் சோறு, முடிவில் இலவங்கப்பட்டைத் தூளால் கோலம் போட்ட பால் சோறு. மே மாதத்தில் வந்தால் வயல்களில் தண்ணீர் நிறைந்திருக்கும், ஆகஸ்டில் பச்சை, செப்டம்பர் கடைசியில் அறுவடை. தஞ்சையிலோ மட்டக்களப்பிலோ வளர்ந்தவர்களுக்கு இந்த மாலை வெளிச்சத்தில் பேச்சு வராது.

ஞாயிறு காலை என்-120 சாலையில் கிராந்தொலா. பாடகர் ஜோசே அஃபோன்சோ 1964-ல் இந்த ஊரின் தொழிலாளர் இசைச் சங்கத்தில் பாடிவிட்டுப் போய், ஊரை நினைத்து எழுதிய பாடல் ‘கிராந்தொலா, விலா மொரேனா’. அலென்டேஜு உழவர்கள் கூடிப் பாடும் மெட்டமைப்பில் அமைந்தது. 1974 ஏப்ரல் 25, நள்ளிரவு தாண்டி 20 நிமிடத்தில் வானொலியில் அது ஒலித்தது. படைகள் கிளம்பலாம் என்பதற்கு அதுவே அடையாளம். 48 ஆண்டு நீண்ட சர்வாதிகாரம் அன்றோடு முடிந்தது. முதல் நாள் நீங்கள் கடந்த பாலத்தின் பெயரும் இந்த இரவிலிருந்து வந்ததுதான்.

கிராந்தொலாவிலிருந்து சாந்தியாகு டு காசேம் வரை மலைச்சாலை. இந்தப் பயணத்தின் நல்ல வளைவுகள் இங்கேதான். இருபுறமும் கார்க் மரங்கள் கூடாரம் போல் கவிந்திருக்கும். அதனால் வளைவுகளில் வெயிலும் நிழலும் மாறி மாறி வரும். ஈரமும் சருகும் நிழலில் மறைந்திருக்கும். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துக்கொண்டு, கியரைக் குறைத்து, வெளியேறும் இடத்தைப் பார்த்து ஓட்டுங்கள். கோடையில் கார்க் பட்டை உயரமாக அடுக்கிய லாரிகள் நடுச் சாலையில் வரும். ஞாயிறு காலையில் உள்ளூர் ஓட்டிகள் நிறைய எதிர்ப்படுவார்கள். இடக்கையைத் தாழ்த்திக் காட்டினால் வணக்கம்; முந்திச் செல்கிறவர் வலக்காலை நீட்டினால் நன்றி. திருப்பிச் சொல்லுங்கள்.

பிறகு சீனெஷ். ஒரு பக்கம் ஆழ்கடல் துறைமுகமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும். மறுபக்கம் பழைய கோட்டை. அந்தக் கோட்டையின் காவல் தலைவர் மகனாகப் பிறந்தவர் வாஸ்கோ ட காமா. சிலை கடலைப் பார்த்து நிற்கிறது. 1498-ல் கோழிக்கோடு வந்தவர் என்று பள்ளியில் படித்தோம். 1502-ல் மறுபடி வந்தபோது, மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகள் கப்பலைப் பெண்கள் குழந்தைகளோடு எரித்தவரும் இவரே. அந்தச் சிலைக்கு முன்னால் நம்மவர்கள் கட்டை விரலை உயர்த்திப் படம் எடுக்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. நில்லுங்கள், பாருங்கள், நம் கடல்களின் வரலாறு இந்த மேட்டிலிருந்து மாறியது என்று நினையுங்கள்.

இதே அலென்டேஜு மண்ணில், சீனெஷிலிருந்து வடகிழக்கே விலா விசோசா என்ற ஊரில் 1520-ல் இன்னொருவர் பிறந்தார். என்றிக்கே என்றிக்கஸ், நம்மவர்கள் அண்டிரிக் அடிகளார் என்று அழைத்தார்கள். முத்துக்குளித்துறையில் 50 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, தமிழ் கற்று, இலக்கணம் எழுதி, 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றினார். இந்திய எழுத்து ஒன்றில் அச்சான முதல் நூல்களின் வரிசையில் அது நிற்கிறது. அதற்கும் முன்பே, 1554-ல், ரோமன் எழுத்தில் தமிழைத் தாங்கிய ஒரு சிறு மதப் புத்தகம் லிஸ்பனிலேயே அச்சானது. ஒரே நிலம், பீரங்கியோடு வந்தவரையும் பெற்றது, எழுத்தச்சோடு வந்தவரையும் பெற்றது. இவரும் சமயம் பரப்ப வந்தவரே. ஆனாலும் நம் மொழிக்கு அவர் செய்தது நிலைத்தது. அவர் ஊருக்கும் ஒருநாள் போய்வாருங்கள். பளிங்குக் கல் வெட்டும் ஊர்.

சீனெஷிலிருந்து தெற்கே சிறிது தூரத்தில் போர்ட்டு கோவு. வெள்ளைச் சுவரில் நீலப் பட்டை அடித்த சிறு வீடுகள், ஒரு சதுக்கம், பாறை இடுக்குகளில் குட்டிக் கடற்கரைகள், எதிரே பெசெகெய்ரு தீவில் இடிந்த கோட்டை. இங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் கடற்கரை இயற்கைப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டது. கீழே சார்டாவ் முனையில் நாரைகள் கடலுக்கு நடுவே நிற்கும் பாறைத் தூண்களில் கூடு கட்டுகின்றன. செங்கால் நாரை கடற்பாறையில் கூடு கட்டும் இடம் உலகில் வேறில்லை என்கிறார்கள். அது இன்னொரு வார இறுதிக்கு. இப்போது போர்ட்டு கோவில் கால் நனைத்து, சுட்ட மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். கோடைப் பிற்பகலில் இந்தக் கடற்கரையில் வடகாற்று வேகமாக வீசும். வடக்கே திரும்பும்போது எதிரிலும் பக்கத்திலும் அடிக்கும். தோளைத் தளர்த்தி, முழங்காலால் டாங்கைப் பிடித்து ஓட்டினால் களைப்பு தெரியாது. கடற்கரை ஊர்களின் வளைவுகளில் மணல் கிடக்கும்; கவனம்.

மெலிதெஷ் வழியாக வடக்கே வந்தால் கொம்போர்ட்டா. வயலும் பைன் காடும் மணல்மேடும் ஒரே பார்வையில். ஒரு காலத்தில் நெல் கூலிகளின் ஊர். இன்று பெரும் பணக்காரர்களின் விடுமுறை ஊர். பழைய நெல் ஆலையில் அருங்காட்சியகம் இருக்கிறது. அதைவிட, பக்கத்தில் உள்ள கர்ராஷ்கெய்ராவில் மீனவர்கள் சேற்றில் மரக் கம்புகளை நட்டுக் கட்டிய படகுத்துறையைப் பாருங்கள். நீர் வற்றினால் கரைக்கும் படகுக்கும் இடையே சேறுதான். அதைத் தாண்ட வரிசையாகக் கம்பு நட்டுப் பலகை போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். இன்றும் தொழில் நடக்கும் துறை அது. பலகை ஆடும், வலைகளை மிதிக்காமல், வேலை செய்கிறவர்களுக்கு வழிவிட்டு நடங்கள்.

ட்ரோயா முனையிலிருந்து செதூபலுக்கு வண்டிகளை ஏற்றும் படகு உண்டு. அரை மணிக்குள் அக்கரை. பைக்கை கியரில் போட்டு நிறுத்தி, மேல் தளத்துக்கு வாருங்கள். சாடு கழிமுகத்தில் 25 முதல் 30 வரை ஓங்கில்கள் நிரந்தரமாக வாழ்கின்றன. அதிர்ஷ்டம் இருந்தால் முதுகுத் துடுப்பாவது தெரியும். செதூபலில் இறங்கியதும் பொரித்த கணவாய். அது இந்த ஊரின் அடையாளம். கரைவலை ஊர்களில் வளர்ந்தவர்கள் குறை சொல்ல மாட்டீர்கள்.

கடைசியாக அர்ராபிதா. உச்சி 501 மீட்டர்தான், ஆனால் நேராகக் கடலிலிருந்து எழும் சுண்ணாம்பு மலை. முகட்டில் ஓடும் என்-379-1 சாலையில் இடப்பக்கம் கடல், தொலைவில் நீங்கள் வந்த ட்ரோயா மணல்திட்டு, சரிவில் 1542-ல் நிறுவிய பிரான்சிஸ்கன் மடத்தின் வெள்ளைச் சுவர்கள். மலையின் ஒரு பகுதியை சிமெண்ட் ஆலைக்காகக் குடைந்திருக்கிறார்கள். அந்தக் காயமும் கண்ணில் படும். கோடையில் கீழே கடற்கரைச் சாலையில் போக்குவரத்துக் கட்டுப்பாடு உண்டு, முன்கூட்டியே விசாரியுங்கள். இருட்டுமுன் மலையை விட்டு இறங்கிவிடுங்கள். அந்திக்குப் பிறகு காட்டுப் பன்றிகள் சாலையைக் கடக்கும்.

சாலை விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டி வலப்பக்கம் போகும். ஊருக்குள் 50, வெளியே 90, விரைவுச்சாலையில் 120. பகலிலும் முகவிளக்கு எரிய வேண்டும். ரத்தத்தில் மது லிட்டருக்கு 0.5 கிராம் எட்டினாலே குற்றம். அலென்டேஜு ஒயினை இரவு, சாவியை அறையில் வைத்த பிறகு குடியுங்கள். ரவுண்டானாவில் உள்ளே இருப்பவருக்கே முன்னுரிமை. ஊர்களின் கல் பாவிய தெருக்கள் மழையில் சோப்பு. லிஸ்பனில் டிராம் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காதீர்கள். அவசர எண் 112.

தீயைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். 2017 ஜூனில் பெத்ரோகாவ் கிராந்தெ காட்டுத்தீயில் 66 பேர் இறந்தார்கள். அவர்களில் 47 பேர் சாலையில், என்-236-1-ல், தீயிலிருந்து தப்பி ஓடும்போது இறந்தவர்கள். அந்தச் சாலையில் பயணம் செய்த யாருக்கும் அது மறக்காது. கோடையில் காலையில் தீ அபாய அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். புகை தெரிந்தால் படம் எடுக்கப் போகாதீர்கள், திரும்புங்கள். காய்ந்த புல்லின்மேல் சூடான சைலன்சரோடு வண்டியை நிறுத்தாதீர்கள். சிகரெட் துண்டை எறியவே எறியாதீர்கள். முடிந்தால் மார்ச் முதல் மே வரையோ, செப்டம்பர் கடைசி, அக்டோபரிலோ வாருங்கள். மார்ச்சில் இந்தச் சமவெளி முழுவதும் பூ.

மெதுவாக வரச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அலென்டேஜு காலியாகிக்கொண்டிருக்கிறது. நாட்டின் மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் சுமார் 7 லட்சம் பேர்தான். 2011-க்கும் 2021-க்கும் இடையே மக்கள்தொகை சுமார் 7 சதவீதம் குறைந்தது. பள்ளி மூடுகிறது, தபால் நிலையம் மூடுகிறது, கடைசியாகக் காப்பிக் கடையும் மூடிவிட்டால் ஊர் முடிந்தது. ஏ-2 எரிபொருள் நிலையத்தில் நீங்கள் செலவழிக்கும் பணம் எந்த ஊருக்கும் போய்ச் சேராது. அல்காசொவாஷ் கடையில் ஒரு காப்பி, டொர்ராவில் ஒரு சாப்பாடு, அல்காசரில் ஓர் இரவு: இவை அந்தக் கடைகள் அடுத்த மாதமும் திறந்திருக்க உதவும்.

எனவே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஆறு பேருக்கு மேல் கூட்டமாக வராதீர்கள். ஊருக்குள் நுழையும்போது ஆக்சிலரேட்டரை விடுங்கள். சத்தமான சைலன்சர் வேண்டாம், ஞாயிறு காலையில் தேவாலயத்தின் முன் அறவே வேண்டாம். மணல்மேடுகளில் வண்டி ஏற்றாதீர்கள், இயற்கைப் பூங்காவில் கூடாரம் அடிக்காதீர்கள்; இரண்டும் சட்டப்படி குற்றம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். கடைக்காரரிடம் பெயர் கேளுங்கள், உங்கள் பெயரும் சொல்லுங்கள்.

அடுத்த திட்டத்தை அனுப்புமுன் ஏ-2 என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிட்டு என்-2 என்று எழுதுங்கள், கிலோமீட்டரைப் பாதியாக்குங்கள். பிறகு அனுப்புங்கள், நான் கட்டாயம் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
லிஸ்பனிலிருந்து உங்கள் சக ஓட்டி